குவாட்ரட் = குறிக்கட்டு? (எகிப்திய எழுத்துக் குறியேற்றம்: தமிழ்க் கலைச்சொல் தேடல்)

> குவாட்ரட்டைச் சதுரம் என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. சதுரம் என்றதும் வடிவம்தான் கண்ணில் நிற்கும். நாம் பெயர் தேடுவது, கற்பனைச் சதுரம் ஒன்றுக்குள் நெருங்கி நிற்கும் குறிகளின் கூட்டத்துக்கு. ‘கட்டம்’ சாதகத்துக்குப் போய்விடும். ‘தொகுதி’யை யூனிகோடு பிளாக்குக்குக் கொடுத்தாயிற்று. ‘குறிக்கட்டு’ என்றால் வினையும் கூடவே கிடைக்கிறது: கட்டலாம், அவிழ்க்கலாம்.

வானத்தைக் குறிக்கும் சொல்லைப் பாருங்கள். மேலே ப், த் ஒலிக்குறிகள் பக்கம் பக்கமாக. அடியில் அகலமான வானக்குறி. எகிப்தியக் குறிகளுக்கு எண்ணிட்ட கார்டினர் பட்டியலில் இவை கியூ3, எக்ஸ்1, என்1. அவற்றைக் கணினியில் தட்டெழுதும் மானுவல் த கோடாஜ் முறையில் முதலிரண்டுக்கும் நடுவே உடுக்குறி, அடுத்து முக்காற்புள்ளி. யூனிகோடு 5.2 (2009) 1,071 குறிகளைத் தந்ததே தவிர கட்டும் வழியைத் தரவில்லை; மூன்றும் ரயில்பெட்டிபோல் வரிசையாகத்தான் நிற்கும். 12.0 (2019) தந்த 9 கட்டுப்பாட்டுக் குறியீடுகளால் (குறிகளை எப்படி அடுக்குவது என்று மட்டும் சொல்பவை) இப்போது கியூ3, 13431 (பக்கத்தில் சேர்), எக்ஸ்1, 13430 (கீழே அடுக்கு), என்1 என உள்ளிடலாம். 13431தான் முதலில் பிணைக்கும் என்பதால் இங்கே அடைப்பு தேவையில்லை. ஒரு குறியின் பக்கத்தில் மேல்கீழ் அடுக்கு வரவேண்டுமானால் அந்த அடுக்கை 13437 (அடைப்புத் தொடக்கம்), 13438 (அடைப்பு முடிவு) இரண்டுக்குள் வைக்க வேண்டும்; விட்டால் கட்டு வேறுவிதமாகப் பிரியும்.

> 13430 – மேலடுக்கி, 13431 – வலவொட்டி

இரண்டுமே திசை தப்புகின்றன. 13430-க்குப் பின் வரும் குறி கீழேதான் போகிறது, ஆகவே கீழடுக்கி. கல்வெட்டுகள் பெரும்பாலும் வலமிருந்து இடம் ஓடுபவை, அங்கே ‘வல’ பொய்த்துவிடும். பக்கச்சேர்ப்பி போதும். (‘ஒட்டி’ நகலெடுத்து ஒட்டுவதோடும் குழம்பும்.) மூலைகளில் செருகும் 13432–13435-க்கும் இதே கதைதான். மூலப்பெயர்களிலேயே இடம், வலம் கிடையாது. தொடக்கம், முடிவு என்றே உள்ளன. 13432 ‘தொடக்கமேற்செருகி’ ஆகட்டும். நீளம்தான், பொறுத்துக்கொள்வோம்.

---

குறிக்கட்டு, கீழடுக்கி, பக்கச்சேர்ப்பி மூன்றும் எனக்குச் சம்மதம். இன்னொரு சொல்லும் வேண்டும். கட்டிய சொல்லும் கட்டாத சொல்லும் திரையில் எப்படித் தெரிந்தாலும் தேடலில் ஒன்றோடொன்று பொருந்தாது. இடையே கட்டுப்பாடுகள் இருக்கின்றன. ஒப்பிடுமுன் அவற்றை நீக்குவதைக் ‘கட்டவிழ்ப்பு’ எனலாம். நீக்கும்போது அந்த 9 மட்டும் போதாது. 15.0 (2022) அரசர் பெயரைச் சூழும் வளையத்துக்கும் சிதைந்த குறிகளுக்கும் புதிய கட்டுப்பாடுகளைச் சேர்த்துவிட்டது. பழைய நிரல்கள் அவற்றைத் தொடாமல் விட்டுவிடும்.