திரித்துவத்தில் உடன்பாடில்லாமல் ஈரோட்டில் புதுச் சபைக்குப் போவது எப்படி?

பவானிக்கரை:
அடுத்த மாசம் ஈரோட்டுக்குக் குடி வர்றோமுங்க. பிதா ஒருவரே தேவன், இயேசு அவருடைய குமாரன் என்பது என் நம்பிக்கை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்கிற திரித்துவத்தை ஏற்கிறதில்லை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து விசுவாசப் பிரமாணம்ங்கிற நம்பிக்கை அறிக்கையைச் சொல்றப்ப என்ன செய்யறது? திருவிருந்து (அப்பமும் ரசமும்) எடுக்கலாமுங்களா? ஆயர்கிட்ட எப்பச் சொல்றது?

நொய்யல்:
எந்தப் பிரமாணம்னு முதல்ல பாருங்க. திருவிருந்து இல்லாத ஞாயிறுகளில் அப்போஸ்தலர் பிரமாணம்தான் பெரும்பாலும். அதில் உங்களை இடறுகிற வரி அநேகமா இல்லீங்க. திருவிருந்து ஆராதனையில் நிசேயா பிரமாணம் வரும். குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர்ங்கிற இடம்தான் சிக்கல். எல்லாரோடயும் எழுந்து நில்லுங்க, அந்த வரிக்கு மட்டும் பேசாம இருங்க. உட்கார்ந்தாத்தான் பக்கத்து பெஞ்சு திரும்பிப் பார்க்கும். கடைசியில் சொல்ற கிருபையின் ஆசீர்வாதம் 2 கொரிந்தியர் 13:14 வசனமே, தயங்காமச் சொல்லலாம்.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒண்ணு: 1947-இல் பல சபைகள் ஒன்றாகி சி.எஸ்.ஐ. ஆனப்ப, பிரமாணத்தின் ஒவ்வொரு சொல்லையும் தனிமனிதர் ஏத்துக்கணும்னு கேட்கலைன்னு இணைப்பின் அடிப்படையிலேயே எழுதி வெச்சாங்க. கோவை, ஈரோட்டில் ஊழியம் செஞ்ச லண்டன் மிஷன், ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திக்கிற காங்கிரிகேஷனல் மரபு. பிரமாணத்தைக் கட்டாயமாக்க அந்த மரபு தயங்கும். அதுக்காகத் திரித்துவத்தை மறுக்கலாம்னு அர்த்தமில்லை. ஞாயிறு பள்ளி நடத்தவோ கமிட்டிக்கு நிற்கவோ போனா கேள்வி வரத்தான் செய்யும்.

அமராவதி:
முதல் தடவையே திருவிருந்து எடுக்காதீங்க. வேறு சபையில் எடுக்கிறவங்களையும் சி.எஸ்.ஐ. சேர்த்துக்கும். ஆனா ஞானஸ்நானம் மத்தேயு 28:19 முறையிலா (பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில்), இயேசு நாமத்தில் மட்டுமான்னு கேட்பாங்க. பின்னதுன்னா ஆயர் தயங்குவார். சுவர்ப்பக்கம் உட்காருங்க, நடைபாதை ஓரம் உட்கார்ந்தா வரிசை மொத்தமும் உங்க முழங்காலைத் தாண்டித்தான் பலிபீடத்துக்குப் போகணும். கத்தோலிக்க ஆலயத்தில் நற்கருணை வாங்கவே கூடாது. பிரதரன் சபையில் அப்பம் பிட்குறப்ப, வேறு சபையின் அறிமுகக் கடிதம் இல்லாதவங்க பின்பெஞ்சில்தான். பெந்தெகொஸ்தே சபைகளில் புதுசா வந்தவங்களை எழுப்பி நிறுத்துவாங்க: பேரும் ஊரும் போதும், உபதேசத்தை அங்கே எடுக்காதீங்க.

காளிங்கராயன்:
ஆயர்கிட்டப் பேசறது ஆராதனை முடிஞ்சு வாசலில் கைகொடுக்கறப்ப வேண்டாமுங்க. பின்னால வரிசை நிற்கும், அவரால் பதில் சொல்ல முடியாது. வாரநாளில் போன் பண்ணி நேரம் கேளுங்க. சனிக்கிழமை பிரசங்கத் தயாரிப்பு. நம்பிக்கையை ரெண்டு வாக்கியத்தில் சொல்லிட்டு, "ஆராதனைக்கு வரலாமா, திருவிருந்து எடுக்கலாமா, பாடகர் குழுவில் சேரலாமா"ன்னு தனித்தனியாக் கேளுங்க. மூணுக்கும் ஒரே பதில் வராது. பழைய சபையிலிருந்து வாங்கி வர்ற மாற்றுக் கடிதத்தைக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே இது நடக்கணும். சபை அங்கத்தினர் சந்தாப் புத்தகத்தில் பேரு ஏறினப்புறம் சொன்னா, மறைச்சு வந்தீங்கன்னு ஆயிடும்.