உபுண்டு போட்ட பிறகு டி டிரைவ் 'ரா' என்று காட்டுகிறது

விண்டோஸ் 10 இருந்த கணினியில், சி டிரைவைச் சுருக்கி அந்த இடத்தில் போன வாரம் உபுண்டு 24.04 நிறுவினேன். இரண்டும் ஒழுங்காக பூட் ஆகின்றன. ஆனால் டி டிரைவை 'ரா' (ஃபைல் சிஸ்டம் அடையாளம் தெரியாத நிலை) என்று காட்டி, தொட்டால் ஃபார்மட் செய்யச் சொல்கிறது விண்டோஸ். உபுண்டுவிலும் மவுண்ட் ஆகவில்லை.

2017இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். 1 டிபி சாட்டா ஹார்டு டிஸ்க், எம்பிஆர் (பழைய வகை பார்ட்டிஷன் அட்டவணை). டி என்பது என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் சிஸ்டம்) பார்ட்டிஷன். அக்கா கல்யாண வீடியோ, வீட்டுப் பத்திர ஸ்கேன் எல்லாம் அதில்தான். ஃபார்மட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க் ஓட்டினேன்; ரா டிரைவில் வேலை செய்யாது என்று கைவிரித்துவிட்டது. டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் கெட்ட செக்டர் எதுவும் இல்லை. கேபிளும் மாற்றியாயிற்று. அப்புறம் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவி. அதில் அட்வான்ஸ்டு, பூட் என்று போனால், பூட் செக்டர் (பார்ட்டிஷனின் அமைப்பு விவரம் இருக்கும் முதல் செக்டர்) 'பேட்', பேக்கப் பூட் செக்டர் 'ஓகே' என்கிறது. இங்கேதான் கொஞ்சம் உயிர் வந்தது. என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டரின் நகலைப் பார்ட்டிஷனின் கடைசியில் வைத்திருக்கும். டி-யின் எல்லையோ மாறவில்லை. கோளாறு வந்த பிறகு டி-யில் இதுவரை எதையும் எழுதவில்லை.

1 டிபி நகலெடுக்க வேறு டிஸ்க் கைவசம் இல்லை. முழு நகல் எடுக்காமல் நேராக டெஸ்ட்டிஸ்க்கில் 'பேக்கப் பிஎஸ்' (பேக்கப் பூட் செக்டரைப் பழுதானதன் மேல் எழுதும் கட்டளை) கொடுத்தால் ஃபைல்களுக்கு ஆபத்து உண்டா?