கோல்ஃப்: 43 டிகிரி பிட்ச்சிங் வெட்ஜுக்குக் கீழே எந்த வெட்ஜ்கள்? 40 யார்டு இடைவெளியை அடைப்பது எப்படி?

கேள்வி: பச்சைவெளி

புது அயர்ன் செட்டில் பிட்ச்சிங் வெட்ஜின் (பந்தை உயரத் தூக்கிக் குறைந்த தூரம் அடிக்கும் மட்டை) லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, 43 டிகிரி. முழு ஸ்விங்கில் கேரி (பந்து தரையில் விழும் வரை பறக்கும் தூரம்) 120 யார்டு. பையில் ஏற்கெனவே 56 (பவுன்ஸ், அதாவது அடிப்பகுதி முன்விளிம்பை விடத் தாழ்ந்திருக்கும் கோணம், 12), 60 (பவுன்ஸ் 8) இருக்கின்றன. 56-இன் கேரி 80, 60-இன் கேரி 70. ஆக 80-க்கும் 120-க்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. 100 யார்டு வந்தால் பிட்ச்சிங் வெட்ஜைப் பாதியாக அடிக்க வேண்டியிருக்கிறது, அது ஒரு முறை குறைகிறது, ஒரு முறை கிரீனை (குழி இருக்கும் புல்தளத்தை) தாண்டுகிறது.

பையில் இப்போது டிரைவர், 3 வுட், 5 வுட், 4 ஹைப்ரிட், 5 முதல் 9 வரை அயர்ன், பிட்ச்சிங், 56, 60, பட்டர் என மொத்தம் 13. விதிப்படி 14 வரைதான் வைக்கலாம், ஒரு இடம்தான் பாக்கி. 50 அல்லது 52 ஒன்று வாங்கினால் போதுமா, வெட்ஜ் வரிசையையே மாற்ற வேண்டுமா?

பதில்: லாஃப்ட்கணக்கு

52 வேண்டாம். 43, 52, 56, 60 என்று வைத்தால் இடைவெளி 9, 4, 4. அடிக்கடி முழு ஸ்விங் அடிக்கிற மேல்பக்கத்தில் ஓட்டை அப்படியே இருக்கும், கீழே மூன்று வெட்ஜ்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். பழைய செட்களில் பிட்ச்சிங் வெட்ஜ் 47, 48 டிகிரி இருந்த காலத்துக்குப் பொருந்திய வரிசை 52, 56, 60. அதை 43-க்குப் பின்னால் ஒட்டவைப்பதால்தான் இந்தச் சிக்கல் பலருக்கும் வருகிறது.

உங்கள் எண்களிலேயே விடை இருக்கிறது. 13 டிகிரிக்கு 40 யார்டு, அதாவது டிகிரிக்குச் சுமார் 3 யார்டு. 5 டிகிரி இடைவெளி வைத்தால் 15 யார்டு. எனவே 48, 53, 58 என்ற வரிசை 105, 90, 75 பக்கம் வந்து நிற்கும். 56-ம் 60-ம் வெளியே போய் மூன்று உள்ளே வந்தால் மொத்தம் சரியாக 14, விதி 4.1-இன் வரம்புக்குள்தான்.

நான்கு டிகிரி இடைவெளியில் 47, 51, 55, 59 என்று நான்கு வாங்கும் ஆசை வரலாம். அது பிட்ச்சிங் வெட்ஜை 140 யார்டு அடிப்பவர்களுக்குத்தான் பயன்படும். ஸ்விங் வேகம் கூடக்கூட ஒரு டிகிரிக்கு விழும் தூரமும் கூடும். உங்கள் வேகத்தில் 12 யார்டு இடைவெளிக்காக 5 வுட்டையோ ஹைப்ரிட்டையோ எடுத்துவைப்பது நஷ்டம்.

48-ஐ மட்டும் அயர்ன் செட்டின் கேப் வெட்ஜாகவே (பிட்ச்சிங் வெட்ஜுக்கு அடுத்த வெட்ஜ்) எடுங்கள். பின்பக்கம் குழிந்த பெரிய ஹெட்டும் பிளேடு வடிவ வெட்ஜும் ஒரே லாஃப்டில் ஒரே தூரம் போவதில்லை; பிளேடு பெரும்பாலும் கொஞ்சம் குறைவாகவே பறக்கும். ஷாஃப்டும் (தண்டு) வேறாக இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும்.

பதில்: மணல்மேடு

மூன்று புது வெட்ஜ் அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. 56-ஐ வளைத்து 54 ஆக்கலாம். செட்டின் 48-ஐ மட்டும் வாங்கினால் 43, 48, 54, 60. நடுவில் 48-க்கும் 54-க்கும் 18 யார்டு வரும்தான். ஆனால் 48-ஐ ஒரு அங்குலம் கீழே பிடித்தால் 5 யார்டு போலக் குறையும், மீதி இடைவெளி 13 யார்டு போல ஆகும். 90-க்குக் கீழே எப்படியும் அரை, முக்கால் ஸ்விங்தான். அங்கே லாஃப்ட் இடைவெளி ஒரு டிகிரி கூடினால் ஆட்டம் கெடாது.

வளைக்கும்போது கவனிக்க வேண்டியது பவுன்ஸ். லாஃப்டை ஒரு டிகிரி குறைத்தால் பவுன்ஸும் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். 12 பவுன்ஸ் உள்ள 56, 54 ஆனால் பவுன்ஸ் 10; பங்கரில் (மணல்குழியில்) இன்னும் தாராளமாக வேலை செய்யும். 60-ஐ வளைத்து 58 ஆக்கினால் 8 போய் 6 ஆகிவிடும், மென்மையான மணலில் முன்விளிம்பு தோண்டத் தொடங்கும். அதனால் 60-ஐத் தொடாதீர்கள்.

இரண்டு டிகிரிக்கு மேல் எந்த ஹெட்டையும் வளைக்கச் சொல்லாதீர்கள். ஃபோர்ஜ் செய்த மென்மையான எஃகு ஒத்துழைக்கும். வார்த்த ஸ்டெயின்லெஸ் எஃகு பின்னுக்குத் துள்ளும், அழுத்தினால் ஹோசலில் (ஷாஃப்ட் செருகும் கழுத்தில்) விரிசல் விழலாம். லாஃப்டை மாற்றிய பிறகு லை கோணத்தையும் (ஷாஃப்ட் தரையோடு சேரும் கோணம்) வளைக்கும் அதே மெஷினில் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் நகர்ந்திருக்கும்.

பதில்: கேரிமட்டும்

எதையும் வாங்கும் முன்னால் இரண்டு விஷயம்.

முதலில் லாஃப்ட். ஹெட்டில் பொறித்திருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒரு டிகிரி முன்பின் இருக்கலாம், மென்மையான ஹெட்டாக இருந்தால் ரேஞ்ச் (பயிற்சி மைதானம்) பாயில் அடித்து அடித்தும் நகரும். 50 என்று வாங்கியது 51 ஆகவும், 54 என்பது 53 ஆகவும் இருந்தால் 4 டிகிரி இடைவெளி 2 ஆகிவிடும். ஷாஃப்டோடு மெஷினில் மாட்டி அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கேரி. உருண்டு நிற்கும் தூரம் கணக்கில் வராது. அது கிரீனின் கடினத்தைப் பொறுத்தது. ஆட்டத்தில் பயன்படுத்தும் அதே பந்தைக் கொண்டு, லாஞ்ச் மானிட்டரில் (பந்து பறப்பதை அளக்கும் கருவி) ஒவ்வொரு வெட்ஜுக்கும் 10 பந்து அடியுங்கள். முகத்தில் தெளிவாகத் தவறிப் பட்டதை நீக்கிவிட்டு, மீதியை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மிக நீளமாகப் போன ஒன்றை உங்கள் தூரம் என்று எடுத்துக்கொண்டால் எல்லாக் கணக்கும் கோணலாகிவிடும். ரேஞ்ச் பந்தில் அளந்த எண்களை ஒரேயடியாக ஒதுக்க வேண்டும். அவை தேய்ந்திருக்கும், ஒன்றுபோல் பறக்காது. க்ரூவையும் (முகத்தில் உள்ள கோடுகள்) முகத்தையும் துடைத்துவிட்டே அடியுங்கள். ஈரம் இருந்தால் சுழற்சி குறைந்து வேறு ஏதோ தூரம் காட்டும்.

இதையே இடது கை இடுப்பு உயரம், தோள் உயரம் என்று இரண்டு பின்வீச்சிலும் அளந்தால் நான்கு வெட்ஜுக்கு முழு ஸ்விங்கோடு சேர்த்து 12 தூரங்கள் கிடைக்கும். சிலது ஒன்றின் மேல் ஒன்று விழும், அது நல்லதே: தாழப் பறக்க வேண்டிய இடத்துக்கு ஒன்று, உயர ஏறி நிற்க வேண்டிய இடத்துக்கு ஒன்று.

பச்சைவெளி

மெஷினில் பார்த்தாயிற்று. பிட்ச்சிங் 43 சரி, 60-ம் சரி. 56 என்று பொறித்தது 57 காட்டுகிறது. ஃபோர்ஜ் ஹெட்தான். சரியான பந்தில் அளந்தபோதும் கேரி 120, 80, 71.

பதில்: மணல்மேடு

அப்படியானால் என் 54 கணக்கு போயிற்று. 57-ஐ 54-க்குக் கொண்டுவர மூன்று டிகிரி வேண்டும், அது அதிகம். 55-இல் நிறுத்துங்கள். கேரி 86 பக்கம் வரும்.

பதில்: லாஃப்ட்கணக்கு

55 என்றால் மேலே 48 வேண்டாம், 49 நல்லது. 43-க்கும் 57-க்கும் இடையே 14 டிகிரியில் 40 யார்டு, எனவே 49 சுமார் 103-இல் விழும். 120, 103, 86, 71: இடைவெளி 17, 17, 15. மூன்று புது வெட்ஜ் என்று முதலில் சொன்னதை விட்டுவிடுகிறேன், இதுவே உங்களுக்குப் பொருந்தும். செட்டின் கேப் வெட்ஜ் 48 ஆக வந்தால் உடனே வளைக்க வேண்டாம். அடித்துப் பார்த்து, கேரி 106-ஐத் தாண்டினால் மட்டும் ஒரு டிகிரி கூட்டச் சொல்லுங்கள். பவுன்ஸும் ஒன்று கூடும், அது தடையாகாது. வளைத்த 55-ஐ இன்னொரு முறை அளந்த பிறகே கேப் வெட்ஜின் லாஃப்டை முடிவு செய்யுங்கள்.