வீடே பயமுறுத்திய படங்கள்: அண்மையில் பார்த்தவை

கடைசிவரிசை:

மலையாளப் படமான 'டீயஸ் ஈரே'யைத் தியேட்டரில் இரவுக்காட்சியாகப் பார்த்ததிலிருந்து, அதன் இயக்குநர் ராகுல் சதாசிவனின் முந்தைய இரண்டு படங்களையும் மறுபடி பார்த்துவிட வேண்டும் என்று அரித்துக்கொண்டே இருந்தது. பார்த்தாயிற்று. தோன்றியதை எழுதுகிறேன். நீங்களும் கடைசியாகப் பார்த்ததைச் சொல்லுங்கள், எங்கே, யாரோடு பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து. பேய்ப்படத்துக்கு அது பாதி.

'டீயஸ் ஈரே' 2025 அக்டோபர் 31 அன்று வந்தது. பிரணவ் மோகன்லால் வசதியான வீட்டுப் பிள்ளை, ஆர்கிடெக்ட். பழகிய பெண் ஒருத்தி இறந்துபோக, துக்கம் விசாரிக்க அவள் வீட்டுக்குப் போகிறான். திரும்பும்போது அவளுடைய ஹேர் கிளிப் அவன் கையில் இருக்கிறது. அவ்வளவுதான் தொடக்கம். அப்புறம் அந்தப் பெரிய வீட்டில் இரவானால் யாரோ அவன் தலைமுடியைத் தொடுகிறார்கள். சலங்கைச் சத்தம் கேட்கிறது. நான் பார்த்த தியேட்டரில் அந்தச் சத்தம் இடது பின்மூலையில் கிளம்பி மெதுவாக நம் பக்கம் வந்தது. முன் வரிசையில் இரண்டு பேர் திரையை விட்டுவிட்டுத் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். டிக்கெட் காசு அந்த ஒரு இடத்திலேயே வசூலாகிவிட்டது.

ஆனால் மூன்றில் எனக்குப் பிடித்தது 'பூதகாலம்'தான். 2022 ஜனவரியில் நேராக ஓடிடியில் வந்ததால் நிறையப் பேர் தவறவிட்டார்கள். ரேவதி, ஷேன் நிகம், ஒரு சாதாரண நடுத்தர வீடு. படுக்கையில் கிடந்த பாட்டி இறந்துபோகிறார். அம்மாவுக்கு ஏற்கெனவே மனச்சோர்வு, மாத்திரை. மகனுக்கு வேலை இல்லை, குடி வேறு. வீட்டில் ஏதோ இருக்கிறது என்று அவன் சொன்னால், அம்மாவுக்கு இருக்கும் வியாதி இவனுக்கும் வந்துவிட்டது என்றுதான் சுற்றியிருப்பவர்கள் நினைக்கிறார்கள். அவன் சொல்வதை யாராவது ஒருவர் நம்பிவிட மாட்டார்களா என்று நமக்கே தவிப்பாக இருக்கிறது. வெகுநேரம் வரை பேயைக் கண்ணில் காட்டவே மாட்டார்கள். அம்மாவும் மகனும் ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடமாடுவதை மட்டும் காட்டிக்கொண்டே இருப்பார்கள். கடைசி அரை மணி நேரம் வரும்போது அந்த வீட்டில் கதவு எங்கே, சுவிட்ச் எங்கே என்று நமக்கு மனப்பாடமாகியிருக்கும். அதனால்தான் விளக்கு அணைந்ததும் நெஞ்சு அடைக்கிறது. ரேவதிக்கு இதற்காகக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது கிடைத்தது, தகும்.

2024இல் வந்த 'பிரமயுகம்' பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். முழுக்கக் கறுப்பு வெள்ளை, 17ஆம் நூற்றாண்டு மலபார், மனை என்று அவர்கள் சொல்லும் பாழடைந்த பெரிய வீடு, மம்மூட்டி. எனக்கு அது பயத்தைவிட ஆத்திரத்தைத்தான் அதிகம் தந்தது. பசியோடு வந்த ஒரு பாணனை உட்காரவைத்துப் பாட்டுக் கேட்டுச் சோறு போட்டு, பிறகு பகடையில் அவனுடைய காலத்தையே பணயமாக வைக்கச் சொல்கிறான் மம்மூட்டி நடித்த கொடுமோன் போற்றி. தோற்றால் மனையை விட்டுப் போக முடியாது. அந்தச் சிரிப்பும் சரி, இறைச்சியைச் சவைக்கும் விதமும் சரி, கையில் அதிகாரம் இருப்பவன் எப்படி இருப்பான் என்பதை அப்படியே காட்டின. பெரிய படம். ஆனால் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது 'பூதகாலம்' வீட்டு ஹால்தான்.

தமிழில் 2011இல் 'காஞ்சனா' ஓடியதற்கு அப்புறம் பேய் என்றாலே பங்களா, பாட்டு, காமெடிக் கூட்டம் என்று ஆகிப்போனது. அவற்றைக் குடும்பத்தோடு பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் நாம் குடியிருப்பது மாதிரியான ஒரு வீட்டை வைத்துப் பயமுறுத்தும் படத்துக்கு ஏங்கிப்போய் இருக்கிறேன். நமக்கு அது தெரியாத வித்தையும் இல்லை.

நெய்தல்:

தெரியாத வித்தை இல்லை என்று சொன்னீர்களே அண்ணா, போன வாரம்தான் அம்மாவோடு 'யாவரும் நலம்' பார்த்தேன். 2009இல் வந்த படம். இப்போதும் கொஞ்சம்கூடப் பழசாகத் தெரியவில்லை. 13ஆம் மாடியில் புது ஃபிளாட், கூட்டுக் குடும்பம், மாதவன். மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரு சீரியல் பார்க்க உட்காருகிறார்கள். அந்தச் சீரியலில் வரும் குடும்பமும் இப்போதுதான் புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறது. அங்கே நல்லது நடந்தால் இங்கேயும் நல்லது. அதை முதலில் கவனிப்பவர் மாதவன் மட்டும்.

தொடக்கத்தில் வருவதெல்லாம் ரொம்பச் சின்ன விஷயங்கள். லிஃப்ட் எல்லோருக்கும் வேலை செய்யும், அவர் தனியாக ஏறினால் நகராது. தினமும் பால் திரியும். வீட்டுக்குள் செல்போனில் படம் எடுத்தால் மட்டும் அவர் முகம் கோணலாக விழும். பால் திரிந்த இடத்திலேயே அம்மா, "இதுக்கு மேல அந்த வீட்ல என்ன இருப்பு, காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே" என்று நிஜமாகவே கோபப்பட்டார். பேயே வராத காட்சி அது. இருபது வருஷமாகச் சீரியல் பார்க்கிறவர், படம் முடிந்ததும் டிவி ரிமோட்டை என்னிடம் நீட்டி நீயே அணை என்றார்.

ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் அந்த ஃபிளாட்டைப் பளிச்சென்று பகல் வெளிச்சத்தில் எடுத்திருப்பதைக் கவனியுங்கள். பட்டப்பகலில் நடக்கும் பயம் நம் ஊர்ப் படங்களில் ரொம்ப அபூர்வம்.

ஈரத்தரை:

அதே 2009இல்தான் அறிவழகனின் 'ஈரம்' படமும் வந்தது. அதுவும் அபார்ட்மென்ட்தான். ஒரு வீட்டுக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வெளியே வரும் தொடக்கத்தை யாராலும் மறக்க முடியாது. பேய்க்கு முகமே கிடையாது. மழை, குழாய், தேங்கிய நீர், எங்கே ஈரம் தெரிந்தாலும் போச்சு. அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று: ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றி அக்கம்பக்கத்தில் வாய்க்கு வந்ததைப் பேசியவர்களைத்தான் அந்தத் தண்ணீர் தேடிப் போகிறது. எல்லா அபார்ட்மென்டிலும் நடப்பதுதானே.

அதே இயக்குநர், நடிகர் ஆதி, இசையமைப்பாளர் தமன் கூட்டணி 2025 பிப்ரவரியில் 'சப்தம்' எடுத்தார்கள். தண்ணீருக்குப் பதில் ஒலி. முதல் பாதி பிரமாதம், நல்ல ஒலி அமைப்பு உள்ள தியேட்டரில் உடம்பு சிலிர்த்தது. இரண்டாம் பாதியில் காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள், சொல்லிக்கொண்டே போனார்கள். எனக்கு அங்கே விட்டுப்போயிற்று.

மேன்ஷன்வாசி:

கடைசிவரிசை சகோ, 'பூதகாலம்' பற்றி நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். முதல் ஒரு மணி நேரம் அம்மா மகன் சண்டைதான். பயப்படலாம் என்று உட்கார்ந்தவனுக்குப் பொறுமை போய்விடுகிறது.

வீட்டுப் பயம் என்றால் 2015இல் வந்த முதல் 'டிமான்டி காலனி'யைச் சொல்வேன். எல்லோரும் ஆழ்வார்ப்பேட்டை பங்களாவையே பேசுகிறார்கள். நிஜமாகவே அங்கே அந்தப் பெயரில் ஒரு தெரு இருப்பதால் கதை பரவிவிட்டது. ஆனால் படத்தின் உயிர் அந்த நாலு பேர் வாடகைக்கு இருக்கும் சின்ன அறைதான். கதவு திறக்காது, டிவியில் தங்களையே பார்க்கிறார்கள், ஓடி ஒளிய ஒரு மூலைகூடக் கிடையாது. நாங்களும் திருவல்லிக்கேணியில் ஒரே அறையில் பாய் விரித்துப் படுப்பவர்கள். லேப்டாப்பில் பார்த்தோம். நடுவில் ஒருவன் பாத்ரூம் போக எழுந்தான், மற்றவர்களும் அவனோடு எழுந்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை.

2024 ஆகஸ்ட் 15 அன்று வந்த இரண்டாம் பாகம் பெரிதாக எடுக்கப்பட்டிருந்தது. அந்த அறையின் இறுக்கம் அதில் கிடைக்கவில்லை.

மழைச்சாரல்:

நான் பெங்களூரில் இருக்கிறேன். 2024 செப்டம்பரில் இந்திப் படமான 'தும்பாட்' மறுபடி வெளியானபோது பார்த்தேன், அதிலிருந்து அதை விடவே முடியவில்லை. அண்மையில் இன்னொரு தடவையும் பார்த்தேன். 2018இல் முதலில் வந்தபோது போதிய கூட்டம் இல்லை. மறுவெளியீட்டில் முதல் தடவையைவிட அதிகமாக வசூலித்தது. ஒரு நல்ல படத்துக்கு ஆறு வருஷம் கழித்தாவது நியாயம் கிடைத்ததே என்று மனசு நிறைந்தது.

மகாராஷ்டிரத்தில் எப்போதும் மழை பெய்யும் ஒரு கிராமம். 1918இல் கதை ஆரம்பிக்கிறது. வீட்டின் உள்ளறையில் பாட்டியைச் சங்கிலியால் கட்டிவைத்திருக்கிறார்கள். அவள் தூங்கும்போதே சோறு ஊட்டிவிட வேண்டும், விழித்துக்கொண்டால் ஹஸ்தர் என்ற பூதத்தின் பெயரைச் சொல்லி மறுபடி தூங்கவைக்க வேண்டும். இதெல்லாம் அம்மாவின் வேலை. ஒரு இரவு அது சின்னப் பையன் விநாயக்கின் தலையில் விழுகிறது. கையில் சோற்றுத் தட்டோடு அவன் அந்தக் கதவைத் திறக்கும் காட்சியில், பக்கத்து இருக்கையில் இருந்த யாரோ ஒரு அம்மா என் முழங்கையைப் பிடித்துவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது அவனுடைய சொந்த வீட்டிலேயே இருக்கும் ஒரு பாட்டி. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பெரியவனாகி, கிணற்றுக்குள் இறங்கிப் பொற்காசு எடுக்க ஆரம்பித்த பிறகு பயம் குறைந்து பேராசையின் கதை ஆகிவிடுகிறது. அதுவும் அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டியின் அறைக்கு ஈடாக மீதிப் படத்தில் எதுவும் இல்லை. மழையைப் பல மழைக்காலங்களில் போய் எடுத்திருக்கிறார்கள். அந்த இருட்டும் ஈரமும் செயற்கையாகத் தெரியாததற்கு அதுதான் காரணம்.

கடைசிவரிசை:

மேன்ஷன்வாசி, நீங்கள் சொன்ன அந்த முதல் ஒரு மணி நேரத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அம்மாவும் மகனும் அவ்வளவு சண்டை போட்டதால்தான், கடைசியில் இருளில் ஒருவர் கையை ஒருவர் தேடும்போது நமக்குப் பதறுகிறது. உங்கள் அறைப் பயமும் அதே வழிதான்: அந்த நாலு பேருடைய நட்பையும் காசு நெருக்கடியையும் முதலில் காட்டியதால்தானே கதவு பூட்டியதும் உங்களுக்கு மூச்சு முட்டியது?

எல்லோரும் ஒன்று செய்யலாம். இந்த வாரம் 'ஈரம்' மறுபடி பார்ப்போம், முடிந்தால் மழை நாளில். 'பூதகாலம்' இன்னும் பார்க்காதவர்கள் மலையாளத்திலேயே சப்டைட்டில் வைத்துப் பாருங்கள், ரேவதியின் குரலுக்காக. பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள்.