வெளித்த மையம்: ஒரு சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் வானிலைக் குறிப்புகளுக்கான அகராதியில் ஒரு சொல் இன்னும் முடிவாகவில்லை. முகில்திரள் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட, சூறாவளியின் கீழ்மட்டச் சுழற்சி மையம் செய்மதிப் படத்தில் தனியாகத் தெரியும் நிலைக்கு இதுவரை 'அம்பல மையம்', 'வெளிப்படுத்தப்பட்ட மையம்' என்ற இரண்டு முன்மொழிவுகள் வந்துள்ளன. முதலாவதில் ஊழல் செய்தியின் வாடை அடிக்கிறது. இரண்டாவதை ஒருநாளைக்குப் பத்துத் தடவை எழுத யாருக்கும் கை வராது.

நான் முன்வைப்பது 'வெளித்த மையம்'. மழை விட்டு முகில் கலைந்தால் வன்னியில் வானம் வெளித்துவிட்டது என்றுதானே சொல்கிறோம்? வினையாகவும் இது நன்றாக நடக்கும்: மையம் வெளிக்கத் தொடங்குகிறது, பாதி வெளித்திருக்கிறது, மறுபடி மூடிக்கொண்டது.

இதைக் 'கண்' என்று எழுதுவதை நாம் உடனே நிறுத்த வேண்டும். கண்ணைச் சுற்றி இடிமுகில்களாலான கண்சுவர் நிற்கும். அது வலுத்த சூறாவளியின் அடையாளம். வெளித்த மையம் அதற்கு நேர்மாறு. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்துக் காற்றும் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்துக் காற்றும் வேகத்திலோ திசையிலோ பெரிதும் வேறுபடும்போது, மேல்முகில் தள்ளுண்டு போகிறது, கீழ்ச்சுழற்சி பின்தங்குகிறது. மேல்காற்று கிழக்கிலிருந்து பலமாக வீசினால் முகில்திரள் மேற்கே சாயும். மையம் கடலில் கிடக்க, மழை முல்லைத்தீவுக்கு முந்திவிடும். செய்மதிப் படத்தைப் பார்த்துச் சூறாவளியின் வலுவை மதிப்பிடும் டுவொராக் முறையிலும் இத்தகைய அமைப்பின் வலுவைக் கணிக்க, மையத்துக்கும் முகில்திரளின் விளிம்புக்கும் உள்ள தூரத்தையே அளக்கிறார்கள். அந்தத் தூரத்தைப் பற்றிப் பேசவாவது ஒரு சொல் வேண்டாமா?

இரவில் இன்னொரு சிக்கல். தாழ்முகில்களின் வெப்பநிலை கடல்மேற்பரப்பின் வெப்பநிலையை நெருங்கியிருப்பதால் வெப்பநிலை வேறுபாட்டைக் காட்டும் அகச்சிவப்புப் படத்தில் அவை மங்கிப்போகின்றன. முகில்திரளின் நடுவே மையத்தைக் குறித்துவிட்டு உறங்குகிறோம். காலையில் பகல் வெளிச்சத்தில் எடுத்த முதல் செய்மதிப் படம் வரும்போது அது வேறிடத்தில் வெளித்துக் கிடக்கிறது. மையம் இடம்பெயர்ந்துவிட்டது என்று அவசரப்பட்டு அறிவிக்கக் கூடாது. இரவு முழுவதும் அது அங்கேயே இருந்திருக்கலாம்.

நம் குழுவில் மன்னார் அக்கா எழுப்பிய அச்சம் நியாயமானது. 'வெளித்தது' என்று கேட்டதும் ஆபத்து நீங்கியதாக எண்ணி ஒருவர் படகை இறக்கிவிட்டால்? புரெவி சூறாவளியை நினைத்துப் பார்ப்போம். 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்து, வன்னியைத் தாண்டி மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து நின்றது. ஆனால் வெள்ளம் சிதம்பரம் கோயிலுக்குள் புகுந்தது. மையம் நிற்கும் இடம் வேறு, மழை கொட்டும் இடம் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஆகவே ஒரு நிபந்தனை சேர்க்கிறேன். பொதுமக்களுக்கான குறிப்பில் 'வெளித்த' என்பதைத் தனியே விடக் கூடாது. முகில்திரள் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், யார் தலைக்கு மேல் நிற்கிறது என்பதும் அதே வசனத்தில் வர வேண்டும்.

அகராதிக்கு இப்படி எழுதலாம்:

வெளித்த மையம் – மேல்காற்று, கீழ்க்காற்று வேறுபாட்டால் இடிமுகில் விலக, மேல்முகில் மறைப்பின்றித் தெரியும் கீழ்மட்டச் சுழற்சி மையம். கண் அன்று.

அக்கா, இந்த நிபந்தனையோடு உங்களுக்குச் சம்மதமா?