முன்பக்கம் 99.9, பின்பக்கம் என்ன?

மாலா அத்தை: தரை துடைக்கிற லிக்விட்ல “99.9% கிருமிகளைக் கொல்லும்”னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. வீட்ல வாந்தி-பேதி, இது போதுமாப்பா?

செந்தில்: முன்பக்கத்தை விடுங்க அத்தை. பின்னாடி பொடி எழுத்துல வைரஸ் பத்தி ஏதாவது இருக்கா? வெறும் பாக்டீரியா பேரா இருந்தா அந்த 99.9 வைரஸுக்குச் சேராது.

மாலா அத்தை: ஈ.கோலை, ஸ்டாஃபைலோகாக்கஸ்... கடைசியில “உறை உள்ள வைரஸ்கள், இஎன் 14476, 2% கரைசல், 5 நிமிடம்”.

கவிதா அக்கா: ஃப்ளூ, கொரோனாவுக்கு சரி. அதுங்களோட வெளி உறை கொழுப்பு, சுலபமா கரைஞ்சிடும். வாந்தி-பேதிக்கு நோரோவைரஸ் காரணமா இருக்கலாம். அதுக்கு உறையே கிடையாது, இதை நம்பாதீங்க.

செந்தில்: ஆமா. இஎன் 14476 ஐரோப்பியத் தரம். டெஸ்ட்ல 8 பங்கு மருந்து (கிருமிநாசினி), 1 பங்கு வைரஸ், 1 பங்கு அழுக்குக்குப் பதிலா புரதம் கலப்பாங்க. நேரம் முடிஞ்சதும் உடனே நீர்க்க வச்சு மருந்தோட வேலையை நிறுத்தி, உயிருள்ள செல்கள் மேல விட்டுப் பார்ப்பாங்க. 4 லாக் குறையணும், அதாவது பத்தாயிரத்துல ஒண்ணுதான் மிஞ்சணும். 10 லட்சத்துல 100தான் மிஞ்சலாம். 99.9%னா 1000 மிஞ்சும்.

ரவி சித்தப்பா: மருந்தே அந்த செல்லைக் கொன்னுட்டா?

செந்தில்: அங்கதான் நிறைய டெஸ்ட் சொதப்பும் சித்தப்பா 😄 செல் செத்தது வைரஸாலயா மருந்தாலயான்னு பிரிக்கவே முடியாது. அதனால மருந்தை மட்டும் தனியா செல் மேல விட்டு, எத்தனை மடங்கு நீர்த்தா செல் பிழைக்குதுன்னு முதல்ல பார்க்கணும். 100 மடங்கு நீர்த்தும் செல் சாகுதுன்னா, அந்த அளவுக்குக் கீழ வைரஸ் இருந்தாலும் கண்ணுக்குப் படாது. தொடக்கத்துலயே வைரஸ் ஏராளமா இருந்தாதான் 4 லாக் காட்ட இடம் கிடைக்கும்.

கவிதா அக்கா: முழு “வைரஸ் கொல்லி”ன்னு போட போலியோ, அடினோ, எலி நோரோ (எலிகளைத் தாக்குற நோரோவைரஸ்) மூணு வைரஸ்லயும் தேறணும். மனுஷ நோரோவை லேப்ல வளர்க்கிறது பெரிய பாடு, அதான் எலி. இன்னொண்ணு, இஎன் 14476 டியூப்ல கலந்து பார்க்கிற டெஸ்ட். காய்ஞ்ச பரப்புக்கு இஎன் 16777 தனி, ஸ்டீல் வட்டுல வைரஸைக் காயவச்சு செய்வாங்க.

மாலா அத்தை: நான் வாளிக்கு ஒரு மூடி ஊத்துறேன்...

கவிதா அக்கா: 2%னா லிட்டருக்கு 20 மில்லி அத்தை, அளந்து ஊத்துங்க. 5 நிமிஷமும் தரை ஈரமாவே இருக்கணும். ஃபேன் போட்டா அதுக்குள்ள காய்ஞ்சிடும். குவாட் (குவாட்டர்னரி அமோனியம்) வகை மருந்துன்னா பருத்தித் துணியே பாதியை இழுத்து வச்சுக்கும்.

ரவி சித்தப்பா: அப்ப வாந்திக்கு?

கவிதா அக்கா: கையுறை போட்டு, பேப்பரால முழுசா வழிச்சு எடுத்து, சோப்புத் தண்ணியால கழுவுங்க. அழுக்கு மேலயே ஊத்தினா குளோரின் அதுலயே தீர்ந்துடும். அப்புறம் 5% ப்ளீச் 20 மில்லி, பச்சைத் தண்ணி சேர்த்து 1 லிட்டர், சுமார் 1000 பிபிஎம் (பத்து லட்சத்துல 1000 பங்கு) குளோரின். குறைஞ்சது 5 நிமிஷம் விடுங்க. அன்னன்னைக்குப் புதுசா கலக்கணும்.

செந்தில்: ஜன்னலைத் திறந்து வைங்க. டாய்லெட் ஆசிட்டோட ப்ளீச்சைக் கலந்துடாதீங்க, குளோரின் வாயு கிளம்பும்.

மாலா அத்தை: ப்ளீச் பாட்டில்ல 3.5%னு இருக்கே?

கவிதா அக்கா: அப்ப லிட்டருக்கு 29 மில்லி.