கேம்பர் டிரெய்லர் இழுக்க மஸ்டா 3 போதுமா, ஃபால்கன் வாங்கலாமா?

புதுப்பயணி (மெல்போர்ன்):
வணக்கம். நோபிள் பார்க்கில் இருக்கிறோம், வீட்டில் நாலு பேர். கூரை விரியும் பழைய கேம்பர் டிரெய்லர் ஒன்று நல்ல விலைக்கு வந்தது, வாங்கிவிட்டேன். தகட்டில் ஏடிஎம் (சாமானோடு சேர்த்து டிரெய்லரின் உச்ச எடை) 1,400 கிலோ, காலி எடை 1,050. என் மஸ்டா 3-இன் கையேட்டில் பிரேக் உள்ள டிரெய்லருக்கு 1,200 கிலோ என்று இருக்கிறது. சாமானைக் குறைத்தால் சமாளிக்கலாமா? இல்லை, பழைய ஃபோர்டு ஃபால்கன் ஒன்று தேடட்டுமா? பெரிய கார் பெட்ரோல் குடிக்கும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். டிசம்பரில் அடிலெய்டு போக ஆசை.

கீலாங்காரன்:
தம்பி, முதலில் கணக்கைப் பாருங்கள். உங்கள் காரின் 1,200-இல் காலி டிரெய்லர் 1,050 போக மிச்சம் 150 கிலோ. தண்ணீர்த் தொட்டி 60 லிட்டர் என்றால் 60 கிலோ அதிலேயே போச்சு. கேஸ் சிலிண்டர், பேட்டரி, படுக்கை, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் எங்கே ஏற்றுவீர்கள்? அந்தக் காரைவிட டிரெய்லர் கனமாகிவிடும். குருவி தலையில் பனங்காய்தான்.

நானும் இதே தப்பைச் செய்தவன். நண்பருடைய கேம்பரை என் சின்ன ஹேட்ச்பேக்கில் மாட்டிக்கொண்டு பல்லாரட் கிளம்பினேன். பேக்கஸ் மார்ஷ் தாண்டி பென்ட்லேண்ட் ஹில்ஸ் ஏற்றத்தில் கியர் மூன்றுக்கு இறங்கியது, அப்புறம் இரண்டுக்கு. இன்ஜின் 4,500 சுற்றில் கதறுகிறது, வேகமோ 60. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் பின்னால் டிரெய்லர் நெளிந்தது. ஸ்டீயரிங்கை விரல் வலிக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வருடம் 2009 ஃபால்கன் (எஃப்ஜி மாடல்) வாங்கினேன். 4 லிட்டர், ஆறு சிலிண்டர், 391 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அந்த விசை குறைந்த சுற்றிலேயே கிடைப்பதுதான் முக்கியம். அதே கேம்பர், அதே ஏற்றம், 2,000 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே நிதானமாக ஏறியது. பின்சீட்டில் பிள்ளைகள் தூக்கம் கலையவில்லை.

இன்ஜின் மட்டுமே காரணமில்லை. டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இழுவைப் பந்தின்மேல் உட்காரும், உங்களுக்கு 140 கிலோ. முன்சக்கரத்தில் ஓடும் சின்ன காரில் அது வாலை அமுக்கி மூக்கைத் தூக்கும். இழுக்கவும் திரும்பவும் வேண்டிய சக்கரங்களிலேயே பிடிப்பு குறையும். ஃபால்கன் பின்சக்கரத்தில் ஓடுவது, அந்த எடை இழுக்கிற சக்கரத்தின்மேலேயே விழுகிறது. ஈரமான படகுத்துறைச் சரிவில் ஒரு தடவை ஏறிப் பார்த்தால் புரியும். போதாததற்கு கார் 1,700 கிலோ, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2.8 மீட்டர். குறுக்குக்காற்றில் அசையாது.

ஒரே எச்சரிக்கை: எல்லா ஃபால்கனும் 2,300 கிலோ இழுக்காது. அதற்கு கனரக டோபார் (அந்தப் பந்தைத் தாங்கும் இரும்புச் சட்டம்), எடையைச் சமன்செய்யும் கம்பிகள் எல்லாம் வேண்டும். டோபார் தகட்டைக் குனிந்து படித்துவிட்டுத்தான் விலை பேசணும்.

நான் இருக்கும் கீலாங்கில்தான் அந்த இன்ஜினைச் செய்தார்கள். கார் பிராட்மெடோஸில் உருவானது. 2016 அக்டோபர் 7-ஆம் தேதியோடு எல்லாம் முடிந்தது. இந்த நாட்டுத் தூரத்துக்கும் வெயிலுக்கும் என்றே செய்த கார்கள். இன்றும் காலையில் சாவியைத் திருப்பி அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

மலைப்பாதை:
டீசல் எஸ்யூவி ஒன்று பாருங்களேன். உயரமாக இருக்கும், மண் பாதையிலும் போகும்.

அடிலெய்டு அக்கா:
ஞாயிறு சந்தையில் தோசைக் கடை போடுகிறேன். அடுப்பு, மாவு, கூடாரம் எல்லாம் டிரெய்லரில். இழுப்பது ஹோல்டன் கமடோர் (விஎஃப் மாடல்), வி6 ஆட்டோ, 2,100 கிலோ வரை இழுக்கும். எங்கள் ஊர்ப் பக்கம் எலிசபெத்தில் செய்தது, அங்கேயும் 2017 அக்டோபரோடு மூடிவிட்டார்கள். பெட்ரோல் பயம் பாதிதான் உண்மை: டிரெய்லரோடு 100 கிலோமீட்டருக்கு 15 லிட்டர் ஆகிறது, தனியாக நெடுஞ்சாலையில் 9 தான். டிக்கியும் தாழ்வாக இருப்பதால் 20 கிலோ மாவுப் பாத்திரத்தை இடுப்பு வலிக்காமல் உள்ளே தள்ளலாம்.

வருகிற வழியில் கிராஃபர்ஸ் தாண்டி பெரிய இறக்கம் வரும். உச்சியிலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். டிரெய்லர் முன்னால் தள்ளும்போது அமுங்குகிற வகை பிரேக் என்றால் இறக்கம் முழுக்கப் பிடித்தபடியே சூடாகும். அந்தக் கருகல் வாடை எனக்குப் பழக்கம்.

கீலாங்காரன்:
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. மலைப்பாதை நண்பரே, இரண்டரை டன் கேரவன் என்றால் நானும் டீசல்தான் சொல்வேன். 1,400 கிலோவுக்கு, தார் ரோட்டில், தரையோடு ஒட்டி ஓடும் செடானே நிம்மதி. விலையும் குறைவு, உதிரிபாகம் பழைய காரைப் பிரித்து விற்கும் எந்த ரெக்கரிடமும் கிடைக்கும்.

புதுப்பயணி:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. சனிக்கிழமை டாண்டனாங்கில் 2010 ஃபால்கன் வகை ஜி6 ஒன்று பார்க்கப் போகிறேன். டோபாரில் 1,600 என்று இருக்கிறதாம்.

கீலாங்காரன்:
1,600 உங்களுக்குத் தாராளம். கியர்பாக்ஸ் எண்ணெயில் கூலண்ட் கலந்திருக்கிறதா என்று மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள்; கலந்திருந்தால் எண்ணெய் பால் கலந்தமாதிரி இருக்கும், விட்டுவிடுங்கள். பந்து உயரத்தையும் அளந்து எழுதுங்கள், டிரெய்லர் சமமாக நிற்கணும்.